நிலாவில் ஒரு தறிக்குழி

சந்திரனைத் தொட எங்கள் ஊரில் ராக்கெட் வேண்டாம். சின்னதாக ஒரு படிக்கட்டு ஏறினால் போதும். சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கிற கூரையிலேயே சூரியனும் சந்திரனும் கூட இருக்கிறார்கள். பல்லியைத் தடவப் போகிற கை, போகிற போக்கில் சந்திரனையும் தடவிவிட்டு வந்துவிடும். பின்னால் நிற்பவர், ‘சீக்கிரம் எறங்குங்க சார்’ என்று முதுகில் விரலால் குத்துவதால் அதற்கு மேல் ஆராய்ச்சிக்கு நேரம் கிடைப்பதில்லை.

இந்த வசதியாலோ என்னவோ, நிஜச் சந்திரன் மேல் எனக்கு ரொம்ப நாள் அக்கறை கிடையாது. நான் படித்தது பி.காம். அதிலும் காஸ்டிங் பேப்பர் மூன்றாவது முறைதான் என்மேல் இரக்கப்பட்டது. இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். வருமான வரி பற்றிக் கேட்டால் வருமான வரி, வாழைத்தண்டு பற்றிக் கேட்டால் வாழைத்தண்டு. 2019-இல் ஒரு பத்திரிகையில், ‘சந்திரயான் பத்தி ஒரு பக்கம் குடுங்க’ என்றார்கள். கொடுத்தேன். அங்கேதான் சனி பிடித்தது. சந்திரனைப் பற்றி எழுதப் போய் சனி பிடித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த ஜூலை மாதம் எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை. அத்தி வரதர் குளத்திலிருந்து வெளியே வந்திருந்தார். ஜூலை 1-லிருந்து ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கு. என் கணக்கில் அதில் பாதிப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள். மீதிப் பாதி, குடிக்கத் தண்ணீர் கேட்டவர்கள்.

அதே ஜூலை 15-ந் தேதி அதிகாலையில் கிளம்ப வேண்டிய சந்திரயான்-2, கிளம்புவதற்கு 56 நிமிஷம் 24 செகண்ட் இருக்கும்போது நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து, 22-ந் தேதி மத்தியானம் 2.43-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தோம். மேகம் தெரிந்தது.

அப்பாவுக்கு மட்டும் இதில் திருப்தியில்லை. அவர் பட்டு நெசவாளி. வரதர் போன தடவை வெளியே வந்தது 1979-இல். அப்பாவுக்கு அப்போது இருபது வயது. அந்த வருஷம்தான் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் தலையில் விழப்போகிறது என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, எதிரே வந்த மாட்டின் மேல் மோதிக்கொண்டதாம். ஜூலை 11-ந் தேதி அது ஆஸ்திரேலியா பக்கம் போய் விழுந்தது. சரி, அது அவர்களுடையது. ஆகஸ்ட் 10-ந் தேதி நம்முடைய எஸ்.எல்.வி.-3 முதல் முறையாகக் கிளம்பி, வங்காள விரிகுடாவில் விழுந்தது.

“வரதர் மேல வர்ற வருஷம், மேல இருக்கறதெல்லாம் கீழ வந்துடுதுடா” என்றார் அப்பா. இரண்டே சம்பவத்தை வைத்துக்கொண்டு ஒரு சித்தாந்தம்!

நான் விஞ்ஞானத்தின் கட்சி. “அது அந்தக் காலம்ப்பா. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர். செப்டம்பர் 7-ந் தேதி ராத்திரி பஞ்சு மாதிரி எறங்கும் பாருங்க” என்றேன். சொன்னதோடு விடவில்லை, கட்டுரையிலும் எழுதினேன், ‘பஞ்சு போல இறங்கும்’ என்று. ‘இறங்கக்கூடும்’ என்று எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன். ஒரு ‘கூடும்’ போடக் கஞ்சத்தனம்.

அந்த ராத்திரி எங்கள் வீட்டு டி.வி. முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. விக்ரம் லேண்டர் இறங்கிக்கொண்டே வந்தது. நிலாவின் தரைக்கு 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரி என்றார்கள். பிறகு டி.வி.யில் யாரும் பேசவில்லை. இஸ்ரோவில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆடிட் நடக்கிற ஆபீஸ்களில் அந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் எழுந்து போனார்கள். அப்பா கேலி செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எந்த இழைடா அறுந்தது?” என்று கேட்டார்.

நெசவாளியின் கேள்வி அது. தறி ஓடும்போது இழை அறுந்தால் யார் தப்பு என்று யாரும் கேட்பதில்லை. பாவில் இருக்கிற ஆயிரக்கணக்கான இழைகளில் எது என்று விரலால் தேடிப் பிடித்து, பிணைத்துவிட்டுத்தான் அடுத்த ஊடை. பார்க்காமல் விட்டால் சேலை முழுக்கக் கோடு விழும், கூலியில் பிடிப்பார்கள். எந்த இழை என்று எனக்குத் தெரியவில்லை. “தெரியலைப்பா” என்றேன். மறுநாள் காலை டீக்கடையில், “என்ன ரைட்டரே, பஞ்சு என்னாச்சு?” என்றார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். அப்பாவின் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு பக்கம் எழுதியவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது நான் ஏற்கனவே படித்த பாடம் மாதிரியே இருந்தது. பி.காம். முதல் வருஷத்தில் பிழைத் திருத்தம் என்று ஒரு அத்தியாயம் வரும். கணக்குப் புத்தகத்தில் தப்பாக எழுதினால் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. தப்பு அப்படியே இருக்க வேண்டும். அதற்குக் கீழே தேதி போட்டு ஒரு திருத்தப் பதிவு எழுத வேண்டும். வித்தியாசம் எங்கே என்று தெரியாவிட்டால், தெரிகிற வரைக்கும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்றைத் திறந்து அதில் போட்டு வைக்கலாம். (நம்மில் பலருக்கு வாழ்க்கையே அந்த அக்கவுண்டில்தான் ஓடுகிறது.)

நிலாவில் தண்ணீர் விவகாரத்தையே பாருங்கள். அப்போலோ ஆட்கள் 1969-லிருந்து 1972 வரை ஆறு தடவை போய் அள்ளி வந்த கல்லையும் மண்ணையும் பார்த்து, ‘சந்திரன் சுத்தக் காய்ச்சல்’ என்று எழுதிவிட்டார்கள். அதில் தென்பட்ட துளி ஈரம்கூட, பூமிக்கு வந்த பிறகு நம் காற்றிலிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கும் என்று தள்ளுபடி செய்தார்கள். 2008 அக்டோபர் 22-இல் கிளம்பிய நம் சந்திரயான்-1-இல் நாஸாவின் கருவி ஒன்றும் சவாரி போனது. 2009 செப்டம்பரில் அது கண்டுபிடித்ததை அறிவித்தார்கள்: நிலாவின் மேல்மண்ணில் தண்ணீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. நாற்பது வருஷத்துக் கணக்குக்கு ஒரு திருத்தப் பதிவு. ஆனால் குடம் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு டன் மேல்மண்ணைப் பிழிந்தால் ஒரு லிட்டர் தேறலாம், அவ்வளவுதான் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். அம்மாவிடம் சொன்னேன். “நம்ம தெருக் குழாயைவிட அது தேவலை” என்றாள்.

விக்ரம் லேண்டரும் கிட்டத்தட்ட மூன்று மாதம் சஸ்பென்ஸ் அக்கவுண்டில்தான் கிடந்தது. எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நாஸா தன் நிலாச் சுற்றுக்கலம் எடுத்த படங்களை உலகத்துக்கே திறந்துவிட்டது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சண்முக சுப்பிரமணியன் என்ற இன்ஜினீயர் அந்தப் படங்களைத் தரவிறக்கி, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுப் பார்த்து, பழையதில் இல்லாத ஒரு புள்ளியைப் பிடித்துவிட்டார். நாஸாவுக்கு எழுதினார். அவர்கள் சரிபார்த்து, 2019 டிசம்பரில் அவர் பேரைச் சொல்லியே அறிவித்தார்கள். விண்வெளித் துறையில் உத்தியோகம் இல்லை, பெரிய டெலஸ்கோப் இல்லை. ஆபீஸ் வேலை முடிந்த பிறகு ஒரு லேப்டாப். லெட்ஜரையும் வவுச்சரையும் ஒப்பிடுகிற நம்மவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ‘எந்த இழை’ என்பதற்கு எனக்குப் புரிகிற மாதிரி பதில் கிடைக்க நாலு வருஷம் ஆனது. 2023 ஜூலையில், சந்திரயான்-3 கிளம்புகிற நேரத்தில், அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் அதைப் புட்டுப் புட்டு வைத்தார். நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு போய் அப்பா முன்னால் உட்கார்ந்தேன்.

“அப்பா, அன்னிக்குக் கேட்டீங்களே... ஒரு இழை இல்லை, மூணு. வேகத்தைக் குறைக்கிற அஞ்சு இன்ஜினும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாத் தள்ளிடுச்சு. அந்தத் தப்பு சேர்ந்துக்கிட்டே வந்திருக்கு. ரெண்டாவது, அதைச் சரிபண்ண வேகமாத் திரும்பணும். ஆனா இவ்வளவு வேகத்துக்கு மேல திரும்பக் கூடாதுன்னு சாஃப்ட்வேர்ல கட்டிப் போட்டிருந்தாங்க. மூணாவது, எறங்கறதுக்குக் குடுத்த எடம் ஐந்நூறு மீட்டருக்கு ஐந்நூறு மீட்டர்தான். எப்படியாவது அங்கேயே போய் எறங்கணும்னு பறந்திருக்கு.”

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “தனித்தனியா அறுந்திருந்தா சமாளிச்சிருக்கும்” என்றார். பிறகு, “இப்ப என்ன பண்ணியிருக்காங்க?”

இந்த முறை இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர். கால்கள் பலப்படுத்தப்பட்டிருந்தன. எரிபொருள் கூடுதல். வேகத்தை லேசரால் நேரடியாக அளக்க ஒரு புதுக் கருவி. எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும் என்று யோசித்துச் செய்ததல்ல இது, எதெது கெட்டுப்போகலாம் என்று யோசித்துச் செய்தது என்று சோமநாத் சொன்னதையும் சொன்னேன். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் கல்யாணம் காட்சியெல்லாம் அந்த முறையில்தான் திட்டமிடுவோம்.

2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் 6.04. இறங்கிவிட்டது. பஞ்சு போல! விழுப்புரத்தில் ரயில்வே பள்ளிக்கூடத்தில் படித்த வீரமுத்துவேல்தான் அதன் திட்ட இயக்குநர் என்று டி.வி.யில் சொன்னபோது, எங்கள் தெருவில் எல்லோருக்கும் விழுப்புரத்தில் ஒரு சொந்தக்காரர் முளைத்துவிட்டார். பட்டாசு வெடித்தார்கள். ‘தென் துருவத்தில் இந்தியா’ என்று தலைப்புப் போட்டார்கள். இங்கே அடியேனின் ஒரு சின்ன ஆட்சேபணை: இறங்கிய இடம் தெற்கே 69 டிகிரி. துருவத்துக்கு இன்னும் 600 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ‘கன்னியாகுமரி வந்தாச்சு’ என்று கடிதம் போடுவது மாதிரி. ஆனாலும் அவ்வளவு தெற்கே அதற்கு முன் யாரும் பத்திரமாக இறங்கியதில்லை. ரஷ்யாவின் லூனா-25 நாலு நாள் முன்னால்தான் நிலாவில் மோதி நொறுங்கியிருந்தது.

இனிமேல்தான் எங்கள் வீட்டுக் கதை.

அப்பா 2022-இல் நெசவை நிறுத்திவிட்டார். முழங்கால் போயிற்று, கண்ணும் மங்கியது. தறியைப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் தறிக்குழி அப்படியே இருந்தது. காஞ்சிபுரத்து வீடுகளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்துத் தறி குழித்தறி. நெசவாளி தரையோடு தரையாக உட்கார்ந்து, கீழே வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். கூடத்தில் பாதியை அந்தக் குழி எடுத்துக்கொண்டிருந்தது. அதை மூடி, டைல்ஸ் போட்டு, என் கம்ப்யூட்டர் மேஜையைப் போட வேண்டும் என்று நான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சிமெண்ட்டும் மணலும் இறக்கிவிட்டேன். ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை காலை வேலை ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி அளவெடுக்க வந்தார். மணலை அள்ளிப் பார்த்து, “சுமார்தான்” என்றார். என்னால் சும்மா இருக்க முடியுமா? “இஸ்ரோவுக்கும் மண் சரியா அமையலையாம் மேஸ்திரி. நிலா மண்ணு மாதிரி வேணும்னு தேடினா, நம்ம நாமக்கல் ஜில்லாவில சித்தம்பூண்டி, குன்னமலை பக்கத்துப் பாறையை இடிச்சா அதே ஜாதி மண் கெடைச்சுது. 50 டன் கிட்ட பெங்களூருக்குப் போச்சு. அதைக் கொட்டித்தான் லேண்டர் எறங்கிப் பழகிச்சு, ரோவர் ஓடிப் பழகிச்சு” என்றேன். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல்காரர்கள் அடையாளம் காட்டிய பாறை அது, அனார்த்தோசைட். மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “லோடு என்ன வெலை சார்?” என்றார்.

(பின்னால் 2024 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆராய்ச்சியின்படி, பிரக்யான் ரோவர் 23 இடங்களில் சோதித்த நிலா மண்ணும் அந்தக் குடும்பம்தான். சந்திரன் பிறந்த புதிதில் முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்தது, லேசான சரக்கு மேலே மிதந்து வந்து உறைந்தது என்ற பழைய கருத்துக்கு அது பலம் சேர்த்தது. பால் காய்ந்து ஆடை படிகிற கணக்கு. நாமக்கல்காரர்கள் இதை ஏன் ஊர் எல்லையில் போர்டு எழுதி மாட்டவில்லை என்று எனக்குப் புரியவில்லை.)

அன்றைக்குச் சாயங்காலம் இஸ்ரோ ஒரு வரைபடம் வெளியிட்டது. லேண்டரில் ‘சேஸ்ட்’ என்று ஒரு கருவி. தெர்மாமீட்டர் செருகிய கடப்பாரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து இடத்தில் வெப்பம் அளக்கும். செவ்வாயில் இதே மாதிரி வேலைக்குப் போன நாஸாவின் கருவி, சுத்தியல் போலத் தட்டித் தட்டி 5 மீட்டர் இறங்க வேண்டியது, தலை மறைகிற அளவுக்கு மேல் இறங்காமல் 2021-இல் கைவிடப்பட்டது. நம்முடையது தட்டவில்லை. திருகித் திருகி உள்ளே போனது. ஆழம் கொஞ்சம்தான், ஆனால் போனது.

அது சொன்ன சேதி: நிலாவின் மேல்மண்ணில் வெப்பம் 50 டிகிரிக்கு மேல். 8 சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10!

அப்பாவிடம் ஓடினேன். “நாலு விரல் அகலம்தாம்ப்பா ஆழம். மேல வெந்நீர், கீழ ஐஸு. விஞ்ஞானிங்களே ஆடிப்போயிட்டாங்க. மேல இவ்வளவு சூடு இருக்கும்னு எதிர்பார்க்கலையாம்.”

அப்பா தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வலிக்கிற முழங்காலை மெதுவாக மடக்கி, இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

“மேல காயும், கீழ குளிரும். சித்திரை வெயில்ல ஓடு கொதிக்கும்போது நாப்பத்தஞ்சு வருஷம் இதுக்குள்ள காலை வெச்சிக்கிட்டு உக்காந்தவன் நான். எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கடன் வாங்கிய அறிவு சும்மா விடுமா? உடனே சோதனை செய்து பார்த்துவிடுவது என்று இறங்கினேன். வீட்டில் இருந்தது ஜுரம் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர். குழிக்குள் வைத்தால் ‘எல்’ என்று ஒரு எழுத்தைக் காட்டிவிட்டு மௌனமாகிவிட்டது. குழிக்கு ஜுரம் இல்லை என்பது மட்டும் நிச்சயமாயிற்று. பக்கத்து வீட்டில் சுவரில் மாட்டுகிற தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. வாங்கி வந்து வைத்தோம். கூடத்தில் 33. குழியின் அடியில், அரை மணி கழித்து, 28.

அஞ்சு டிகிரி. ஓர் ஆள் இடுப்பளவு ஆழத்துக்கு அஞ்சே டிகிரி. நிலாவில் நாலு விரலுக்கு அறுபது. நம் மண்ணில் காற்று இருக்கிறது, ஈரம் இருக்கிறது, சூடு ஒரு துகளிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக்கொண்டே போகும். நிலா மண் பவுடர். துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்றே கிடையாது, சூட்டை வாங்கிக் கொடுக்கத் தரகர் இல்லை. பிளாஸ்க் மாதிரி. அதனால்தான் சில நிழல் சரிவுகளில் கொஞ்சம் தோண்டினாலே பனிக்கட்டி கிடைக்குமோ என்று உலகமே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் அப்பாவுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார். ஒரு சந்தேகம்கூடக் கேட்டார்: “அப்ப ராத்திரியில?” ராத்திரியில் மேல்மண்தான் முதலில் பேய்க் குளிர் குளிரும் என்றேன். “அதுவும் சரிதான்” என்று தலையாட்டினார், பக்கத்துத் தெரு சமாச்சாரம் மாதிரி.

காலை குழியிலிருந்து எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மேஸ்திரி சட்டியும் கரண்டியுமாக வந்து நின்றார். அப்பா அப்போதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார், காபி டம்ளரோடு. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. “இன்னொரு நாள் சொல்லி அனுப்பறேன் மேஸ்திரி” என்றேன். அரை நாள் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. இஸ்ரோவின் பட்ஜெட்டில் வராத செலவு.

அந்த மழைக்காலத்தில் சிமெண்ட் மூட்டை இறுகிக் கல்லாகிவிட்டது. இப்போது கொல்லையில் துணி துவைக்கிற கல் அதுதான். நான் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2025 மார்ச்சில் ‘சேஸ்ட்’ பற்றிய முழு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. மேல்மண்ணின் உச்ச வெப்பம் 82 டிகிரி என்றது. ஆனால் லேண்டருக்கு ஒரு மீட்டர் தள்ளி, சமதளத்தில், 59 டிகிரிதான். காரணம், கருவி இறங்கிய இடம் சூரியனைப் பார்த்து 6 டிகிரி சரிந்திருந்தது. எங்கள் தெரு மாதிரிதான். காலை எட்டு மணிக்குக் கிழக்குப் பார்த்த எங்கள் திண்ணை சுடும், எதிர் வீட்டுத் திண்ணை சில்லென்று இருக்கும். அப்பா பேப்பர் படிக்க அங்கேதான் போவார். நிலாவில் அந்த அட்சரேகையில், துருவத்தைப் பார்த்து 14 டிகிரிக்கு மேல் சரிந்த இடங்கள் கிடைத்தால் துருவத்துக்கே போக வேண்டாம், அங்கேயே பனிக்கட்டியைத் தேடலாம் என்கிறார்கள். இறங்குவதும் சுலபம்.

எதிர்த் திண்ணைக்குப் போய்ச் சொன்னேன்.

“அன்னிக்கு அம்பது சொச்சம்னு சொன்னியே?” என்றார்.

“இப்பத் திருத்தியிருக்காங்கப்பா.”

“ஒரு எடத்துலதானே குத்திப் பாத்தாங்க. ஒரு முழம் தள்ளிக் குத்தியிருந்தா வேற சொல்லியிருக்கும்.” பேப்பரை மடித்தார். “அடுத்தது எப்போ?”

சந்திரயான்-4 என்று ஒன்று இருக்கிறது, 2024 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை சம்மதம் கொடுத்துவிட்டது, இந்த முறை மண்ணையே அள்ளிக்கொண்டு திரும்பி வரப் போகிறார்கள் என்றேன்.

“அள்ளிக்கிட்டு வேற வரணுமா! நல்லபடியா எறங்குமா?”

“எறங்கக்கூடும்ப்பா” என்றேன்.